நாலு டீ, ஒரு பித்தான்

பெயிண்ட் டப்பாவின் மூடியில்
கத்தியால் கீறி ஒரு வாய் வைத்தோம்.
முதல் காசு விழுமுன்பே
ஜெபஷைனியின் விரலைக் கடித்துவிட்டது அது.
சுற்றிய பிளாஸ்டரோடு
வண்ணார்பேட்டை பாலத்தடியில் வந்து நின்றோம்,
நர்சிங் இரண்டாம் ஆண்டு, ஒன்பது பேர்.
பொருளாளர் நான்.
கணக்கில் நாற்பத்தெட்டு வாங்கியவளுக்கு
அந்தப் பதவி கிடைத்தது
கையெழுத்து நன்றாக இருப்பதால்.

மலாவி, குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று
அட்டையில் எழுதியிருந்தோம்.
மாலத்தீவா என்றார்கள்.
மலேசியாவா, எம் மருமவன் அங்கனதான் இருக்கான் என்றார்கள்.
ஒருவர் வரைபடத்தைக் கையில் வாங்கி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நீலமா நெடுக இது என்னட்டி?"
ஏரி.
"இம்புட்டுப் பெரிசா?"
ஆமா.
"தண்ணி கெடக்கு, பெறவென்ன கொற?"
சொல்லிக்கொண்டே இருபது ரூபாய் போட்டார்.

மேலப்பாளையத்தில்
ரஹ்மத் நிஷா வீட்டுக்கு அடுத்த தெரு.
பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலே
ஒருத்தி கேட்டாள்:
"ஐகிரவுண்டு ஆசுபத்திரியில
எம்பிள்ளைக்கு மூச்சு இழுத்தப்போ
ஒத்தக் கட்டில்ல ரெண்டு பிள்ளையப் போட்டாவ.
அது ஒங்க கண்ணுல படலியா?"

பட்டிருக்கிறது.
அந்த வார்டில்தான் எங்களுக்குப் பயிற்சி.
அந்தக் கட்டிலின் எந்தக் கால் ஆடும் என்பதும் தெரியும்.
பதில் சொல்லத் திறந்த என் வாய்
டப்பாவின் வாய் மாதிரியே
சும்மா திறந்து கிடந்தது.
அவள் இலையை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

தெருமுனையில் அவள் மகன்
மூச்சிரைக்க ஓடிவந்து
எதையோ உள்ளே போட்டான்.
காசு விழுந்த சத்தம் இல்லை அது.

ஜங்ஷனில் ஒரு டீக்கடை.
புதிதாக அடித்த பெயிண்டையும் மீறி
சுவரில், தோள் உயரத்தில், வெள்ளம் நின்ற கோடு.
"அந்த மார்கழியில மூணு நாளு
மாடியிலயே கெடந்தோம்.
எங்கிருந்தோ போர்வை வந்துச்சு.
ஓரத்துல ஏதோ எழுத்து,
இந்தியுமில்ல, இங்கிலீசுமில்ல.
இன்னமும் அதத்தான் போத்திக்கிடுதேன்."
இவ்வளவு சொல்பவர் ஐந்நூறாவது தருவார் என்று
டப்பாவை மெல்ல முன்னால் நகர்த்தினோம்.
ஒன்பது பேருக்கு
நாலு டீ தந்தார்.

வகுப்பறையில் துண்டு விரித்துக் கொட்டினோம்.
பதினேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
டேப் ஒட்டிய பத்து ரூபாய் ஒன்று,
அதற்கு என் பத்தைப் போட்டு நான் எடுத்துக்கொண்டேன்,
எந்தக் கடையிலும் இன்னும் வாங்கவில்லை.
அப்புறம் ஒரு சட்டைப் பித்தான்,
நாலு துளை, அறுந்த நூலோடு.
இசக்கிராஜ் அதை ஜன்னல் வழியே எறியப் போனான்.
பிடுங்கிக் குறிப்பேட்டில் எழுதினேன்:
வரவு: டீ நான்கு. பித்தான் ஒன்று.
பக்கத்தோடு சேர்த்துத் தைத்தும் வைத்தேன்,
ஆடிட் வந்தால் காட்ட.

வங்கிக்கு மூன்று நாள் நடை.
படிவத்தில் 'அனுப்பும் காரணம்' என்று ஒரு கட்டம்.
படிப்பு, வியாபாரம், உறவினர் பராமரிப்பு;
எதிலும் எங்கள் காரணம் உட்காரவில்லை.
மேனேஜர் ஏதோ ஒன்றில் டிக் அடித்தார்.
கட்டணமும் வரியும் தின்றது போக மீதி
கடல் தாண்டிப் போனது.

பத்து நாளில் பதில்.
மூக்கில் வைக்கும் சின்னக் குழாய்கள் வாங்குவார்களாம்.
நன்றிக்குக் கீழே ஒரு கேள்வி:
எந்த அளவில் வாங்கட்டும்,
பிறந்த குழந்தைக்கா, ஒரு வயதுக்கா?
அன்று இரவு யாரும்
சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று எனக்கு ஐகிரவுண்டில் ராத்திரி டியூட்டி.
ஒரே கட்டிலில் ரெண்டு பிள்ளைகள்,
தலைமாற்றிப் படுக்கவைத்திருந்தார்கள்.
வயிறு ஏறி இறங்குவதை
முழு நிமிடமும் எண்ணவேண்டும்,
பாதி எண்ணி இரட்டிக்கக் கூடாது என்பது பாடம்.
எண்ணினேன்.
முப்பது தாண்டியதும்
அந்தப் பீடிக்காரம்மாவின் குரல் குறுக்கே வந்தது.
நாற்பதில் எண்ணிக்கை தவறிவிட்டது.
கடிகாரம் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து
மறுபடி ஒன்றிலிருந்து.